வேகத்துக்கு முன் வாட் கணக்கு: ஐ5-12600கே ஓவர்கிளாக் செய்முறை

ஓவர்கிளாக் செய்ய, அதாவது ப்ராசஸரை அதன் குறித்த வேகத்தைத் தாண்டி ஓட்ட, உட்காருகிறவர்கள் பெரும்பாலும் மல்டிப்ளையரில்தான் (அடிப்படைக் கடிகார வேகத்தைப் பெருக்கும் எண்) முதலில் கை வைக்கிறார்கள். 50, 51 என்று ஏற்றிக்கொண்டே போய், 100 டிகிரியில் முட்டி வேகம் தானாக இறங்கிய பிறகுதான் கூலரைத் திரும்பிப் பார்க்கிறார்கள். இந்த வரிசையை மாற்றிப் போட வேண்டும். ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது என்று உங்கள் கூலரை முதலில் அளந்துகொள்ளுங்கள். எத்தனை வாட் செலவழிக்கலாம் என்பது அதிலிருந்து வரும். அந்த வாட்டுக்குள் எந்த வோல்டேஜ், எந்த வேகம் என்பதைக் கடைசியில் முடிவு செய்யலாம்.

எடுத்துக்கொண்ட ப்ராசஸர் இன்டெல் கோர் ஐ5-12600கே. ஆறு பெரிய கோர்கள் (பி-கோர்), நான்கு சிறிய கோர்கள் (இ-கோர்). டர்போ வேகம் பி-கோருக்கு 4.9 கிகாஹெர்ட்ஸ், இ-கோருக்கு 3.6. அடிப்படைப் பவர் 125 வாட், உச்ச டர்போ பவர் 150 வாட். 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். பெயரின் முடிவில் 'கே' இருப்பதால் மல்டிப்ளையர் திறந்திருக்கிறது. ஆனால் மதர்போர்டு இசட்690 அல்லது இசட்790 ஆக இருந்தால்தான் அது பயன்படும். பி660, எச்670 போர்டுகளில் மெமரி வேகத்தைக் கூட்டலாம், ப்ராசஸர் மல்டிப்ளையரைக் கூட்ட முடியாது.

கூடவே வேண்டியவை: இரண்டு ஃபேன் பூட்டிய பெரிய டவர் கூலர் அல்லது 240 மில்லிமீட்டர் வாட்டர் கூலர், தெர்மல் பேஸ்ட், 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி, சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று. சாஃப்ட்வேரில் அளவுகளைப் பார்க்க ஹெச்டபிள்யூஇன்ஃபோ64. சுமை ஏற்ற சினிபெஞ்ச் ஆர்23, ப்ரைம்95, ஓசிசிடி. தெர்மாமீட்டரை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. அது இல்லாமல் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது.

மதர்போர்டின் மேல் மூலையில் உள்ள 8 பின் சிபியு பவர் இணைப்பு முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். பக்கத்தில் இன்னொரு 4 பின் இருந்து, எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளையில்) அதற்கான கேபிளும் இருந்தால் அதையும் செருகிவிடுங்கள்.

கூலரைப் பூட்டுவது

பழைய பேஸ்ட்டை ஆல்கஹால் தொட்ட துணியால் ப்ராசஸரின் மேல்தகட்டிலிருந்தும் கூலரின் அடித்தட்டிலிருந்தும் சுத்தமாகத் துடைத்து, காய விடுங்கள். புதிய கூலராக இருந்தால் அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தாகிவிட்டதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். அது அப்படியே இருந்தால் எந்த பேஸ்ட்டும் காப்பாற்றாது.

இந்தத் தலைமுறை ப்ராசஸரின் மேல்தகடு சதுரமல்ல, நீள்சதுரம். நடுவில் ஒரு பொட்டு வைத்தால் நீள வாக்கில் இரு முனைகளும் காலியாக விடப்படலாம். நீளவாக்கில் ஒரு கோடு, அல்லது மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி போடுவது பாதுகாப்பானது. கொஞ்சம் கூடிப் போனால் அழுத்தத்தில் ஓரமாகப் பிதுங்கி வெளியே வந்துவிடும், பாதகமில்லை. குறைந்து போனால்தான் ஏதாவது ஒரு கோர் மட்டும் கொதிக்கும்.

ஸ்குரூக்களை ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எதிரெதிராக, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சுற்று வீதம் மாறி மாறி இறுக்க வேண்டும். ஒரு பக்கம் முதலில் அமுங்கினால் பேஸ்ட் மறுபக்கம் ஒதுங்கி, சமமில்லாத படலமாகிவிடும்.

சாக்கெட்டின் பிடிப்புச் சட்டம் நடுவில் மட்டும் அழுத்துவதால் இந்த ப்ராசஸர்களின் மேல்தகடு லேசாக வளைவதுண்டு. அதற்கென விற்கும் கான்டாக்ட் ஃபிரேம் போட்டால் சில டிகிரி குறையலாம். அதை அளவுக்கு மீறி இறுக்கினால் மெமரி ஸ்லாட் ஒன்று வேலை செய்யாமல் போவது போன்ற விசித்திரமான கோளாறுகள் வரும். முதல் அளவீட்டில் குறை தென்பட்டால் மட்டும் அதற்குப் போங்கள்.

ஃபேன் திசை: சட்டத்தின் குறுக்குக் கம்பிகள் தெரியும் பக்கம்தான் காற்று வெளியே போகும் பக்கம். முன்னால் உள்ளிழுத்து, பின்னாலும் மேலேயும் வெளியேற்றும்படி அமைக்க வேண்டும். டவர் கூலரின் ஃபேன் கேபினெட்டின் பின்பக்கத்தைப் பார்த்துத் தள்ள வேண்டும். வாட்டர் கூலரில் பம்ப், சுற்றின் மிக உயரமான இடமாக இருக்கக் கூடாது. உள்ளே இருக்கும் சிறிதளவு காற்று உயரமான இடத்தில்தான் தேங்கும். அது ரேடியேட்டரின் மேல்மூலையில் தேங்கினால் கவலையில்லை, பம்ப்புக்குள் தேங்கினால் சத்தமும் சூடும் சேர்ந்து வரும்.

முதல் அளவீடு: ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி

பயாஸை (மதர்போர்டின் அமைப்புத் திரை) அடிப்படை நிலைக்குக் கொண்டு வந்து, மெமரியைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்துவிடுங்கள். மெமரிப் பிழையும் ப்ராசஸர் பிழையும் ஒரே மாதிரி ப்ளூ ஸ்கிரீனாக வருவதால், இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் எது காரணம் என்று கண்டுபிடிக்க நாள் கணக்கில் ஆகும்.

பல இசட் வரிசை போர்டுகள், நீங்கள் எதையும் தொடாமலேயே பவர் வரம்பைத் திறந்துவிட்டிருக்கும். பிஎல்1 (நீடித்த பவர் வரம்பு), பிஎல்2 (குறுகிய நேரப் பவர் வரம்பு) இரண்டுக்கும் 4095 வாட் என்று காட்டினால் அதுதான் விஷயம். இரண்டையும் 125 என்று கையால் எழுதுங்கள். சுமை நிலையாக இருந்தால்தான் அளவீடு நம்பத் தகுந்ததாக இருக்கும்.

ப்ரைம்95-இல் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனையை 20 நிமிடம் ஓட்டுங்கள், வாட்டர் கூலராக இருந்தால் 30 நிமிடம். நீர் சூடேறி நிலைக்கு வர அவ்வளவு நேரம் பிடிக்கும். பேக்கேஜ் வெப்பம், பேக்கேஜ் பவர் (பேக்கேஜ் என்பது ப்ராசஸர் முழுவதும்), முன் ஃபேனுக்கு எதிரே தொங்கவிட்ட தெர்மாமீட்டரின் அளவு ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் உதவாது, கேபினெட்டுக்குள் போகும் காற்றின் வெப்பம்தான் வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு, உள்ளே போகும் காற்று 30 டிகிரி, பேக்கேஜ் 75 டிகிரி, பவர் 125 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் 45 டிகிரி. 45-ஐ 125-ஆல் வகுத்தால் 0.36. ஒரு வாட்டுக்கு 0.36 டிகிரி. இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிடலாம்.

ஆண்டின் மிகச் சூடான நாளில் உங்கள் அறைக் காற்று 35 டிகிரி வரை போகும் என்றால், ப்ராசஸரை 85 டிகிரிக்குள் நிறுத்த 50 டிகிரி ஏற்றம்தான் கையில் இருக்கிறது. 50-ஐ 0.36-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 139 வாட். குளிர்ந்த நாளில் சோதித்து 'எல்லாம் சரி' என்று விட்டுவிடும் சிஸ்டங்கள் வெயில் காலத்தில் திணறுவது இந்தக் கணக்கைப் போடாததால்தான். காற்று 10 டிகிரி கூடினால் ப்ராசஸரும் கிட்டத்தட்ட 10 டிகிரி கூடும்.

எண் சரியில்லை என்றால் கோளாறு எங்கே

சூடு ஏறும் வேகமே இடத்தைச் சொல்லிவிடும். சுமை ஏற்றிய ஓரிரு நொடியில் 40-லிருந்து 80-க்குத் தாவினால் பேஸ்ட், அழுத்தம், அடித்தட்டு இவற்றில்தான் பார்க்க வேண்டும். ஃபேனை எவ்வளவு வேகப்படுத்தினாலும் அந்தத் தாவல் குறையாது. முதலில் 65-இல் நின்று, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெல்ல 80-க்கு வந்தால் கூலர் சரியாகவே உட்கார்ந்திருக்கிறது, காற்றுதான் போதவில்லை.

அதை உறுதி செய்ய கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். 5 டிகிரிக்கு மேல் குறைந்தால் முன்பக்கக் காற்று வழி அடைபட்டிருக்கிறது. தூசி வலையைக் கழுவுங்கள், முன்னால் இன்னொரு ஃபேன் சேருங்கள். கூலரை மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

கோர்களுக்குள் 5 முதல் 8 டிகிரி வித்தியாசம் இயல்பு. ஒரே பக்கத்துக் கோர்கள் மற்றவற்றைவிட 15 டிகிரிக்கு மேல் கூடுதலாக இருந்தால் கூலரைக் கழற்றிப் பேஸ்ட்டின் தடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் மெல்லிய படலம், மறுபக்கம் தடித்த பேஸ்ட் என்று இருந்தால் இறுக்கியதில் கோணல். (ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்களுக்கு: கழற்றும் முன் சிறிது நேரம் சுமையில் ஓட்டிப் பேஸ்ட்டை இளக்கி, அணைத்தபின் கூலரை இடவலமாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் ப்ராசஸரே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளையும்.)

வோல்டேஜ்தான் செலவு

ப்ராசஸரின் இயங்கு பவர், வேகத்துக்கு நேர் விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடும். வேகம் மட்டும் 2 சதவீதம் கூடினால் பவரும் 2 சதவீதம்தான். அந்த வேகத்தைத் தாங்க வோல்டேஜையும் கூட்ட வேண்டியிருப்பதுதான் சிக்கல்.

ஒரு சிப்புக்கு 4.9 கிகாஹெர்ட்ஸில் 1.24 வோல்ட், 5.0-க்கு 1.29, 5.1-க்கு 1.37 தேவைப்படுகிறது என்று வைத்துக் கணக்குப் போடுவோம். 4.9-இல் 145 வாட் எடுத்தால் 5.0-இல் ஏறத்தாழ 160 வாட், 5.1-இல் 184 வாட். மேலே கண்ட 0.36-ஆல் பெருக்கி 30 டிகிரி காற்றைக் கூட்டினால் முறையே 82, 88, 96 டிகிரி. கடைசி 100 மெகாஹெர்ட்ஸ் தருவது 2 சதவீத வேகம், அதற்குக் கொடுப்பது 15 சதவீதப் பவரும் 8 டிகிரியும். உண்மையில் இன்னும் கூடவே வரும், ஏனென்றால் சிலிக்கான் சூடாக ஆக அதன் கசிவு மின்னோட்டமும் கூடுகிறது. 5.0-இலோ 4.9-இலோ நிறுத்திவிடுவதுதான் எங்கள் பரிந்துரை. ஒவ்வொரு சிப்புக்கும் தேவைப்படும் வோல்டேஜ் வேறுபடுவதால், அடுத்தவரின் எண்ணை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

பயாஸில் தேடல்

தேடும்போது வோல்டேஜை நிலையான மதிப்பில் வையுங்கள், பெரும்பாலான பயாஸில் அது ஓவர்ரைடு அல்லது மேனுவல் என்று இருக்கும். வரிசை இப்படி:

1. பிசிஎல்கே (மல்டிப்ளையர் பெருக்கும் அடிப்படைக் கடிகாரம்) 100 மெகாஹெர்ட்ஸிலேயே இருக்கட்டும். அதைத் தொட்டால் மற்றவையும் சேர்ந்து மாறும்.
2. எல்லா பி-கோருக்கும் மல்டிப்ளையர் 48, இ-கோர் 36, ரிங் (கோர்களை இணைக்கும் உள்வழி) தானியங்கி.
3. கோர் வோல்டேஜ் 1.22.
4. பிஎல்1, பிஎல்2 இரண்டையும் தேடலின்போது மட்டும் 200 வாட்டுக்கு உயர்த்துங்கள். இல்லையென்றால் பவர் வரம்பு வேகத்தை இறக்கி, நிலையாக ஓடுவது போன்ற பொய்த் தோற்றம் தரும்.
5. அதிவெப்பப் பாதுகாப்பு வரம்பை 95 டிகிரிக்கு இறக்குங்கள்.

சினிபெஞ்ச் 10 நிமிடம் தாண்டினால் மல்டிப்ளையரை ஒன்று கூட்டுங்கள். விழுந்தால் வோல்டேஜை 10 முதல் 15 மில்லிவோல்ட் கூட்டிப் பாருங்கள். வோல்டேஜை 30 மில்லிவோல்ட் கூட்டியும் அடுத்த படி ஏறவில்லை என்றால் சிப்பின் வளைவு செங்குத்தாகத் தொடங்கிவிட்டது. அங்கிருந்து ஒரு படி இறங்கி வருவது நல்லது. சுமையில் 1.35 வோல்ட்டைத் தாண்டித் தினசரி ஓட்ட வேண்டாம். காற்றுக் கூலரில் அதற்கு முன்பே வெப்பம் நிறுத்திவிடும்.

பயாஸில் எழுதிய வோல்டேஜும் சுமையில் கோருக்கு வந்து சேரும் வோல்டேஜும் ஒன்றல்ல. 1.30 என்று எழுதினால் சுமையில் 1.24 என்று காட்டலாம். இந்த இறக்கத்தை லோடு-லைன் கேலிப்ரேஷன் என்ற அமைப்பு ஓரளவு ஈடு கட்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. எண்களின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் தலைகீழாக இருக்கும். ஆசுஸ் போர்டில் எண் கூடக் கூட ஈடு கட்டுவது பலமாகும். எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் போர்டுகளில் 1 என்பதே மிகப் பலமானது. மிகப் பலமான நிலையைத் தவிர்த்து நடுநிலையில் வையுங்கள். இறக்கமே இல்லாத தட்டையான கோடு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சுமை சட்டென்று விலகும் நொடியில் வோல்டேஜ் எழுதிய மதிப்பைத் தாண்டி மேலே துள்ளும். சாஃப்ட்வேர் அந்தத் துள்ளலைக் காட்டாது, அது மிகக் குறுகியது.

இன்னொரு கவனிப்பு: ஏசி, டிசி லோடு-லைன் மதிப்புகளைத் தனியாக மாற்றினால் பேக்கேஜ் பவர் அளவு பொய் சொல்லத் தொடங்கும். அது நேரடி அளவீடல்ல, ப்ராசஸர் கேட்கும் வோல்டேஜை வைத்துப் போடும் மதிப்பீடு. வெப்பம் அப்படியே இருக்க வாட் மட்டும் திடீரென்று குறைந்தால், மிச்சம் பிடித்துவிட்டோம் என்று மகிழ வேண்டாம்.

சோதனை, கோளாறின் அடையாளங்கள்

சினிபெஞ்ச் தாண்டுவது நுழைவுத் தேர்வு மட்டும். அடுத்து ப்ரைம்95 ஸ்மால் எஃப்எஃப்டி ஒரு மணி நேரம், பிறகு ஓசிசிடியில் சுமை மாறிமாறி வரும் சோதனை ஒரு மணி நேரம். முதலாவது வெப்பத்தின் உச்சத்தைக் காட்டும், இரண்டாவது வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தில் விழுகிறதா என்று காட்டும். நிலையான சுமையில் மணிக்கணக்கில் நின்று, ப்ரவுசர் திறக்கும்போது ஹேங் ஆகும் சிஸ்டங்கள் உண்டு. அவற்றைப் பிடிப்பது இந்த இரண்டாவது சோதனைதான்.

ப்ரைம்95-இல் ஒரு வொர்க்கர் (சோதனையின் ஒரு தனிப் பகுதி) மட்டும் ரவுண்டிங் பிழை காட்டி நின்றால் எந்தக் கோர் என்று குறித்துக்கொண்டு, மொத்த வோல்டேஜை 10 மில்லிவோல்ட் கூட்டுங்கள். 'டபிள்யூஹெச்இஏ அன்கரெக்டபிள் எரர்' அல்லது 'கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்' என்று ப்ளூ ஸ்கிரீன் வந்தால் பெரும்பாலும் கோர் வோல்டேஜ் பற்றவில்லை. எந்தத் திரையும் வராமல் சட்டென்று அணைந்து ரீஸ்டார்ட் ஆனால் பவர் பக்கம் பாருங்கள்: எஸ்எம்பிஎஸ், அல்லது மதர்போர்டின் விஆர்எம் (ப்ராசஸருக்கு வோல்டேஜ் தரும் பகுதி) பாதுகாப்பு. டவர் கூலரைவிட வாட்டர் கூலர் போட்ட சிஸ்டங்களில் விஆர்எம் கூடுதலாகச் சூடாகும், சாக்கெட்டைச் சுற்றிக் காற்று வீசுவதற்கு அங்கே ஃபேன் இருப்பதில்லை.

சோதனை வெற்றி என்று காட்டினாலும் விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து டபிள்யூஹெச்இஏ-லாகர் (ஹார்ட்வேர் பிழை) பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். 19 என்ற எண் கொண்ட பதிவு, பிழை வந்து ப்ராசஸரே திருத்திக்கொண்டது என்று பொருள். அப்படி ஒன்றுகூட இருக்கக் கூடாது. திருத்தப்பட்ட பிழைதானே என்று விட்டால், பின்னாளில் ஒரு ஃபைல் சத்தமில்லாமல் கெடும்.

திரையே வராமல் போனால் பயப்படத் தேவையில்லை. எஸ்எம்பிஎஸ்ஸை அணைத்து, போர்டில் உள்ள கிளியர் சிமாஸ் பட்டனையோ ஜம்பரையோ பயன்படுத்துங்கள். இரண்டும் இல்லையென்றால் மின்கேபிளைக் கழற்றி, வட்ட பேட்டரியைச் சில நிமிடம் எடுத்து வைத்தால் பயாஸ் பழைய நிலைக்கு வரும். அதனால்தான் ஒவ்வொரு படியையும் காகிதத்தில் எழுதி வைக்கச் சொல்கிறோம்.

தினசரி ஓட்டத்துக்கு

வேகம் முடிவானதும் நிலையான வோல்டேஜிலிருந்து அடாப்டிவ் முறைக்கு மாறுங்கள். சும்மா இருக்கும்போது வோல்டேஜும் இறங்கும். மாறிய பிறகு சுமையில் வரும் வோல்டேஜ், முன்பு குறித்த அதே மதிப்புதானா என்று ஒப்பிட்டு, வேறுபட்டால் ஆஃப்செட்டால் (வோல்டேஜோடு கூட்டும் அல்லது கழிக்கும் அளவு) சரி செய்யுங்கள். பிஎல்1, பிஎல்2 இரண்டையும் முதலில் கணக்கிட்ட 139-க்கு அருகே, 140 வாட்டில் பூட்டிவிடுங்கள். 5.0-இல் 160 வாட் கேட்கும் கனமான சுமை வந்தால் வேகம் சற்று இறங்கும். கேம், ப்ரவுசர், போட்டோ வேலை போன்ற இலேசான சுமைகளில் முழு 5.0 கிடைக்கும். எப்போதோ வரும் உச்சத்துக்காக எப்போதும் சூட்டில் ஓட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஃபேன் வளைவை 60 டிகிரி வரை தட்டையாக வைத்து, 60-க்கும் 85-க்கும் இடையே ஏற்றுங்கள். வேகம் மாற 3 முதல் 5 நொடி தாமதம் கொடுங்கள். இல்லையென்றால் ஒரு ப்ரோகிராம் திறக்கும் நொடித் துள்ளலுக்கெல்லாம் ஃபேன் சீறும். வாட்டர் கூலரின் பம்ப்பை மட்டும் எப்போதும் முழு வேகத்தில் விடுங்கள். கடைசியாக எக்ஸ்எம்பியை இயக்கி, மெமரியைத் தனியாகச் சோதியுங்கள்.

வேறு ப்ராசஸர் என்றால்

இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்நிலை ப்ராசஸர்களில் கூடுதல் வோல்டேஜால் சிப் நிரந்தரமாகத் தேய்ந்த சிக்கல் 2024-இல் வெளிப்பட்டது. ஆகஸ்டில் வந்த மைக்ரோகோடு (ப்ராசஸரின் உள்நிரல்) திருத்தம், ப்ராசஸர் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுக்கிறது. செப்டம்பரில் இன்னொரு திருத்தம் வந்தது. இவை அடங்கிய பயாஸை ஏற்றாமல் அந்தத் தலைமுறைகளில் எந்த எண்ணையும் தொடாதீர்கள்.

ஏஎம்டி ரைசனில் அணுகுமுறையே வேறு. எல்லாக் கோருக்கும் ஒரே வேகம் வைத்தால் ஒற்றைக் கோர் பூஸ்ட் போய்விடும், பல வேலைகளில் நட்டம்தான். பிபிஓவை (பூஸ்ட் வரம்புகளைத் தளர்த்தும் அமைப்பு) இயக்கி, ஒவ்வொரு கோரின் வோல்டேஜையும் மாற்ற உதவும் கர்வ் ஆப்டிமைசரில் எதிர்மறை 10-இல் தொடங்குங்கள். ஒரு படி ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். அதே வெப்பத்தில் ப்ராசஸர் தானாகவே கூடுதல் வேகம் எடுக்கும். இங்கே கோளாறு சுமையில் வருவதைவிட, சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆவதாகவே வரும். கோர்சைக்ளர் என்ற சோதனை மென்பொருளை வைத்து ஒவ்வொரு கோராகச் சோதித்து, விழும் கோருக்கு மட்டும் 5 படி திருப்பிக் கொடுங்கள். ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் வகைகள் முழுச் சுமையில் 95 டிகிரியைத் தொடுவது வடிவமைப்பிலேயே உள்ளது. அது பிடிக்கவில்லை என்றால் ஈகோ மோடில் (பவரைக் குறைக்கும் அமைப்பு) 65 வாட் வகுப்புக்கு மாற்றுங்கள், அப்போது சாக்கெட் பவர் 88 வாட்டில் நிற்கும். ரைசன் 7 5800எக்ஸ்3டி-யில் மல்டிப்ளையர் பூட்டப்பட்டது, அங்கே கூலரை நன்றாகப் பூட்டுவதுதான் செய்யக்கூடிய வேலை.

இறுதி அமைப்பை பயாஸ் ப்ரொஃபைலாகச் சேமித்து, பென்டிரைவிலும் ஒரு நகல் போட்டு, திரையைப் போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் புதுப்பித்தால் சேமித்த ப்ரொஃபைல்கள் அழிந்துவிடலாம், பழைய பதிப்பில் சேமித்தவை புதியதில் ஏறாமலும் போகலாம். அப்போது போட்டோவைப் பார்த்துக் கையால்தான் எழுத வேண்டும். எழுதிய பிறகு ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி என்ற அளவீட்டை மீண்டும் எடுங்கள். 0.36 என்று இருந்தது 0.42 ஆகியிருந்தால் தூசி வலையையும் ஹீட்சிங்க் இடுக்குகளையும் சுத்தம் செய்து, அப்படியும் இறங்கவில்லை என்றால் பேஸ்ட்டை மாற்றுங்கள்.